புயலடித்த பூங்காவில் நான் நட்ட போத்துகள்

திருமங்கலத்துக்கு மேற்கே, காக்கை குடிக்கத் தண்ணீர் இல்லாத கரட்டுக் காட்டில், எழுபதடிக் கிணறு வெட்டியவன் நான். நீரோட்டம் பார்க்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடந்து பார்த்து, "பாறைதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேங்காயையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அறுபத்தெட்டாவது அடியில் ஊற்று பீறிட்டபோது அவர்களில் ஒருவரையும் காணவில்லை. மழைக்காலத்தில் வண்டிமாடு நீந்திப் போன ஓடைக்குக் குறுக்கே கல்பாலம் கட்டினேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற எந்திரத்தை, அதன் படத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டி ஓடவைத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதிதான். மீதிப் பாதிக்கு வாத்தியாரின் மாட்டை மேய்த்தேன்.

இத்தனைக்கும் மேலே, எங்கள் ஊரிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் இரண்டு பக்கமும் ஆலமரம் வைத்தேன். எல்லாம் போத்து நட்டு வந்த மரங்கள். போத்து என்றால் தெரியாத பட்டணத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன்: கன்று இல்லை, விதை இல்லை, தொடை கனத்தில் ஒரு கிளையை வெட்டி, ஒரு ஆளும் தூக்கிய கையும் சேர்ந்த உயரத்துக்கு நறுக்கி, நுனி காயாமல் இருக்கச் சாணி உருண்டையை அப்பி, குழியில் ஊன்றிவிடுவது. பார்க்கிறவனுக்கு வெறும் கட்டை. உள்ளே உயிர் இருக்கும்.

அந்த ரோட்டு முனையில் இன்றைக்கு ஒரு கல் நிற்கிறது. அதில் ஐந்து பேர் பெயர் வெட்டியிருக்கிறது. ஐந்தில் மூன்று பேர் அந்த நிழலில் ஒரு நாளும் நடந்ததில்லை. என் பெயர் இல்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தாமல் பதினெட்டு மனு எழுதிப் போட்டேன், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட என்னை இலங்கைக்குப் போகவைத்தது ஒரு கடுதாசி.

என் மனைவியின் தம்பி வெள்ளைச்சாமி, இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு சின்னப் பட்டணத்தில் பூங்கா மேஸ்திரியாக இருக்கிறான். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் எனக்கு இன்னும் சிலருடன் பேச்சுவார்த்தை இருக்கிறது, கெடுத்துக்கொள்ள இஷ்டமில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னே தேயிலைத் தோட்டத்துக்கென்று போனவன், மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் கடற்கரைக்கு இறங்கி, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அவன் எழுதியது நாலே வரி: "புயல் அடித்தது. நாங்கள் சுகம். பூங்காவில் கொடிக்கம்பம் தவிர ஒன்றும் நிற்கவில்லை. வேலை நிற்குமா என்று தெரியவில்லை."

என் மனைவி அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எழுந்து முறுக்குக்கு மாவு இடிக்கப் போனாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் எப்பக் கிளம்பணும்?" என்றேன்.

"நாளைக்கு. என் தம்பியக் குடும்பத்தோட கூட்டிக்கிட்டு வாங்க. வரமாட்டேன்னு சொன்னான்னா கட்டித் தூக்கிட்டு வாங்க. ஊரு ஒலகத்துல எம்புட்டோ கட்டுனேன்னு சொல்றீகள்ல, இதையும் கட்டுங்க."

கப்பல் ஏறுவதற்கு முந்திய நாளைச் சோதனை முகாமில் கழித்தேன். வியாதி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நாக்கை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். துணியெல்லாம் ஆவியில் போடவேண்டும் என்றார்கள். எட்டு முழப் பட்டுக்கரை வேட்டி; எந்திரம் ஓட்டிய அன்றைக்குக் கட்டியது. இட்லி வேகவைப்பதுபோல வேகவைத்துக் கொடுத்தார்கள். வாங்கி விரித்துப் பார்த்தால் கரை சுருங்கி, முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றது. வியாதி ஏதும் இருந்திருந்தால் கட்டாயம் செத்திருக்கும்.

கடலைத் தாண்டுகிற சில மணி நேரத்துக்குள் கப்பலில் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த கீழக்கரை வியாபாரி ஒருவர், பச்சை நிறமாகிப்போன முகத்தோடு, "பாய்க்கு ஒரு துண்டு கொடுங்க அண்ணே" என்று கை நீட்டினார். கரை வருவதற்குள் ஜாடியில் எண்ணெய் மட்டும் மிச்சம். இலங்கை மண்ணில் நான் காலை வைத்தபோது பதினோரு பேர் எனக்குக் கும்பிடு போட்டார்கள். வேறு எந்தப் பெரிய மனிதனுக்கு இப்படி நடந்திருக்கிறது?

இரண்டாம் நாள் பஸ். நம் திருமங்கலம் பஸ்ஸில் ஆளை ஆள்மேல் ஏற்றுவார்கள். அங்கே மீன் கூடையை ஆள்மேல் ஏற்றுகிறார்கள். கடற்கரை நெருங்க நெருங்க, வழியெல்லாம் தென்னை தலையில்லாமல் நின்றது. ஓர் இடத்தில் ரோட்டின்மேல் மணல் ஏறிக் கிடந்ததால் சக்கரம் புதைந்தது. டிரைவரும் கண்டக்டரும் சிங்களத்தில் ஏதோ பேசி, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

"டிரைவர் சொன்னது, 'எல்லாரும் இறங்கித் தள்ளவேணும்.' கண்டக்டர் சொன்னது, 'எல்லாரும் வேண்டாம், அந்த முறுக்குக் கூடை வைத்திருக்கிற பெரியவர் ஒருத்தர் இறங்கினால் போதும், வண்டி தானாக நகரும்.'"

நான் இறங்கினேன். தென்னை மட்டைகளைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு முன்னே படிக்கட்டுபோல அடுக்கினேன். சேறான கண்மாயில் வண்டி ஏற்றிய கை இது. ஒரே உறுமலில் பஸ் மேலே ஏறியது. கண்டக்டர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கூடையைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு இரண்டு முறுக்கு கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பூங்காவைப் பார்த்தேன்.

ரோட்டிலிருந்து கடல் வரைக்கும் நீளம். நம் ஊர்க் களத்துமேடு பத்தை ஒட்டவைத்தாற்போல இருக்கும். பூவரசும் ஆலும் வேம்பும் அத்தனையும் மேற்கே தலை வைத்துப் படுத்துக் கிடந்தன, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரிசையாய்ச் சாய்ந்தவர்களைப்போல. அல்லிக்குளத்தில் ஒரு தோணி நின்றது. பாண்டு வாசிக்கிற மேடைக்குக் கூரை இல்லை. அது பறந்துபோய் மீன் சந்தையில் விழுந்ததாம். மீன் விற்கிற பெண்கள் அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, திருப்பித் தரமாட்டோம், ஆண்டவன் கொடுத்தது என்கிறார்களாம். கடல் மதிலைத் தாண்டி உள்ளே வந்துபோன இடத்தில் மண் உப்புப் பூத்துக் கிடந்தது.

நடுவே தலைப்பாகை கட்டிய ஓர் ஆள், விழுந்த பூவரசின்மேல் உட்கார்ந்து, அதன் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னா மாப்ள, மாட்டுக்கு உண்ணி பாக்குறியா?" என்றேன்.

துள்ளி எழுந்தான். "மச்சான்! நீங்களா? அக்கா அனுப்புச்சா?"

"உங்க அக்கா அனுப்பாம நான் எங்கடா போயிருக்கேன்? பொட்டியக் கட்டு. நாளைக்கே கிளம்புறோம்."

அவன் என் வேட்டியைக் கீழும் மேலும் பார்த்தான். "அதுக்கு முன்னாடி இது என்னா மச்சான், ஆத்தைத் தாண்டி வந்தீகளா?"

வேட்டிக் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் அவன் தன் கதையைச் சொன்னான். நகரசபையில் ஒரு பகுதியினர், "பூங்கா செத்துப்போச்சு, அந்த இடத்தில் கொப்பரைக் கிடங்கு கட்டுவோம்" என்கிறார்களாம். இன்னொரு பகுதியினர் யோசிக்கிறார்களாம். தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் எல்லோரும் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள். பச்சை ஏதாவது வேர் பிடித்திருந்தால் பூங்கா. இல்லாவிட்டால் கிடங்கு. கிடங்குக்கு மேஸ்திரி எதற்கு? வேலையும் போகும், பூங்கா ஓரத்தில் இவன் குடியிருக்கிற ஓட்டு வீடும் போகும்.

"போனா என்ன? நம்ம ஊருல காடு கெடக்கு," என்றேன்.

"மச்சான், இந்தப் பூவரச நான் வச்சது. இதுக்குப் பதினாலு வயசு. எனக்குப் புள்ள இல்ல, உங்களுக்குத் தெரியும். இத இப்படிப் போட்டுட்டு நான் எங்க வாரது?"

முறுக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நானும் அந்தப் பூவரசின்மேல் உட்கார்ந்தேன். நான் ஒருவனிடம் தோற்று உட்காருவது அபூர்வம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் அவன் மனைவி தங்கம்மா சாப்பாடு போட்டாள். சிவப்புக் குத்தரிசி, தேங்காய்ப்பாலில் மீன், தேங்காய்ப்பாலில் கீரை, தேங்காய்ப்பாலில் பருப்பு, தேங்காய்ச் சம்பல். "ஏத்தா, தண்ணியாவது தண்ணியா இருக்குமா, அதுவும் தேங்காயா?" என்றேன். அவள் சிரிக்காமல், "இளநீர்தான் அண்ணா இருக்கு" என்று செம்பை வைத்தாள். நல்லெண்ணெய் மணமில்லாத சாப்பாடு எனக்குச் சாப்பாடே இல்லை. ஆனாலும் மூன்று தரம் போட்டுக்கொண்டேன். அவள் மனசு நோகக்கூடாது.

சாயங்காலம் ஓவர்சியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டு, கண்ணாடி, கையில் வரைபடம். பூங்கா இவர் பொறுப்பு. மலைநாட்டிலிருந்து தகரத்தில் வைத்த ரோஜாவும் வண்ண இலைச் செடிகளும் வரவழைப்பதாகவும், வாசல் வட்டத்தில் அவற்றை நட்டு நகரசபையாரை அசத்திவிடப்போவதாகவும் சொன்னார். விழுந்த மரங்களை விறகுக்குக் கொடுக்கப்போகிறார்.

"ஐயா, விறகுக்குக் குடுக்காதீங்க. அதுல உசுரு இருக்கு. போத்து வெட்டி நடுவோம்," என்றேன்.

"நீங்கள் ஆர்?"

"கிணறு வெட்டினவன்" என்று தொடங்கிப் பாலம், எந்திரம், ஆலமரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்சை பாருங்கோ பெரியவர், பூங்கா எண்டால் பூ இருக்கவேணும். நீங்கள் தடி நடவேணும் எண்டு சொல்லுறியள்."

"பூ பாக்குறதுக்கு நிக்கணும்ல ஐயா? நிக்க நெழலு வேணும்ல?"

வெள்ளைச்சாமி என் பின்னால் நின்று துண்டை இழுத்தான். முடிவில் ஓவர்சியர், வாசல் வட்டம் தனக்கு, கடலோரம் முழுதும் எனக்கு என்று பிரித்துக் கொடுத்தார். மறுநாள் கிளம்புகிற பேச்சு அதோடு நின்றது. 'ஒரு மாசம் ஆகும்' என்று என் மனைவிக்குக் கார்டு போட்டேன். பதில் கார்டில் ஒரே வரி: 'தெரியும்.'

நாலாம் நாளிலிருந்து வேலை. நானும் வெள்ளைச்சாமியும் இரண்டு கூலியாட்களுமாகப் பூவரசிலும் ஆலிலும் கிளை தேர்ந்து வெட்டினோம். உப்புப் பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு ஆழமாகக் குழி எடுத்து, குளத்து வண்டலைப் போட்டு ஊன்றினோம். உச்சியில் சாணி உருண்டை. அடியிலிருந்து நுனி வரைக்கும் சாணிப் பூச்சு. அறுபத்து மூன்று போத்து. ஒரு வாரத்தில் கடலோரம் முழுக்கக் கட்டை கட்டையாய் நின்றது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எல்லாவற்றின்மேலும் மீன்வலை தொங்குகிறது.

"என்னய்யா இது?" என்றேன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "புயல்ல எங்கட கம்பெல்லாம் போயிட்டு. நகரசபை எங்களுக்கு இவ்வளவு நல்ல கம்பு நட்டுத் தருமெண்டு நாங்க நினைக்கவேயில்ல. உச்சியில சாணி மட்டும் ஏன் வச்சனீங்க?"

"அது கம்பு இல்லய்யா, மரம்!"

அவர் அண்ணாந்து கட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, வயதானவர்களிடம் பேசுகிற இரக்கக் குரலில், "ஓம், ஓம், மரம்தான்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பட்டணத்தில் எனக்குத் 'தடி மரத்தார்' என்று பெயர். வலைகளை எடுக்கச் சொல்ல வெள்ளைச்சாமி போனான். நான் தடுத்துவிட்டேன். கடலிலிருந்து வருகிற உப்புக் காற்றை வலை கொஞ்சம் வடிகட்டும் என்று எனக்குத் தோன்றியது. இதையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்தது உரம். உப்பு ஏறிய மண்ணுக்கு ஆட்டுக் கிடையைப்போல மருந்து கிடையாது. எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்த வயலில் கிடை போடாத சம்சாரி இல்லை. கீதாரி மந்தையோடு வருவான், வயலில் பட்டி அடைப்பான். விடிந்ததும் புழுக்கையும் கோமியமும் மண்ணுக்கு, வெற்றிலை பாக்கு அவனுக்கு. விசாரித்ததில், அந்தப் பட்டணத்தில் பெரிய மந்தை ஆசியா உம்மா என்கிற அம்மாளுடையது என்றார்கள். முப்பத்தெட்டு வெள்ளாடு. கூப்பிட்டதும், குடையைப் பிடித்துக்கொண்டு, மந்தைக்கு முன்னால் நடந்து வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் வெள்ளைச்சாமியைக் குடையால் சுட்டிக் காட்டினார். "என்ட ஆடு போன வருஷம் இந்தக் கேட்டுக்குள்ள தலைய நீட்டினதுக்குப் பிடிச்சு அடைச்சவர் இந்தத் தம்பிதான். இப்ப முப்பத்தெட்டையும் உள்ள கொண்டு வந்து படுக்க வைக்கச் சொல்றீங்க. ஆருக்குக் காய்ச்சல்? அவருக்கா, ஒங்களுக்கா?"

"எங்க ஊரு வழக்கம்மா இது."

"ஒங்கட ஊர்ல ஆட்டுக்குப் பூங்கா கட்டியிருக்கா?"

"ஆடு படுத்தா மண்ணு குளிரும். கடலோரத்துல மட்டும் கிடை போடுங்க. நாலு நாளு."

"ஆடு படுக்குமெண்டா நான் என்ன சொல்ல. கேட்டப் பூட்டித் தாங்க," என்றார்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்வது கீதாரியை அவமானப்படுத்துவது. கிடை என்றால், அவன் மூங்கில் படலைத் தோளில் சுமந்து வந்து, நாலு பக்கமும் அடைத்து, ஆட்டை உள்ளே விட்டு, தானும் அதை ஒட்டிப் படுத்துக்கொள்வான். கல்யாணத்துக்கு வருகிறவனிடம் வேட்டி கட்டிக்கொண்டு வா என்று சொல்வோமா? ஆசியா உம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. பூங்காவுக்கு மதில் இருக்கிறது, கேட்டு இருக்கிறது. ஆடுகளை உள்ளே விட்டு, நாங்கள் கேட்டைப் பூட்டியதும், குடையோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பகலில்தான் ஓவர்சியரின் மலைநாட்டுச் செடிகள் வந்து சேர, அவற்றை வாசல் வட்டத்தில் நட்டிருந்தார்கள்.

விடிந்தபோது, அங்கே வட்டம் மட்டும் இருந்தது. ரோஜா இல்லை, வண்ண இலை இல்லை, இலையின் பெயர் எழுதிய அட்டைகூட இல்லை. முப்பத்தெட்டு ஆடும் பாண்டு மேடையில் ஏறி நின்று, வாசிக்க வந்த மேளக்காரர்கள்போல எங்களைப் பார்த்தன. கடலோரத்தில் என் அறுபத்து மூன்று கட்டையும் அப்படியே நின்றன. சாணி பூசியதை ஆடு தொடாது. அது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்திருந்தது எனக்கு ஆபத்தாகப் போயிற்று. ஓவர்சியர் வட்டத்தைப் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார்.

"என்ர செடி ஒண்டும் இல்லை. உங்கட தடி ஒண்டும் குறையேல்லை. நீங்கள் வேணுமெண்டே செய்திருக்கிறியள்."

"சத்தியமா இல்லைய்யா. எங்க ஊருல கீதாரி—"

"உங்கட ஊர்க் கதை எனக்கு வேண்டாம்! நகரசபையார் வாற அண்டைக்கு, ஆட்டை உள்ளே விட்டது மேஸ்திரிதான் எண்டு எழுதிக் குடுக்கிறன்."

அவர் போன பிறகு வெள்ளைச்சாமி என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டுப் புழுக்கையைக் கூட்டிக் கூட்டிப் போத்துகளின் அடியில் போட்டான். கிடங்கு வந்தால்தான் வேலை போகும் என்று இருந்தது. இப்போது பூங்கா பிழைத்தாலும் போகும் போலாகிவிட்டது. கூட்டிக்கொண்டு போக வந்தவன், வேலையைத் தின்னவைத்துவிட்டேன்.

ஆசியா உம்மா மத்தியானம் வந்தார். நடந்ததைக் கேட்டு, குடையை மடக்கி, படியில் உட்கார்ந்தார். "பூட்டித் தாங்கண்டு கேட்டன். பூட்டித் தந்தீங்க. கூட இருந்து பாக்கணுமெண்டு சொல்லல்லியே."

"சொல்லல. தப்பு என்மேலதான்," என்றேன். என் ஆயுசில் அந்த வாக்கியத்தை இதற்கு முன் எந்திரத்திடம்கூடச் சொன்னதில்லை.

அவர் எழுந்து குடையை விரித்தார். "அந்த ரோசாப்பூவத் திண்டதுக்குப் பிறகு பால் நல்லா மணக்குது. தங்கம்மாட்ட ஒரு செம்பு குடுத்திருக்கன். கோவம் வந்தாலும் அந்தத் தம்பி குடிக்கட்டும்."

பொங்கல் வந்தது. நம் பக்கத்தில் அவனியாபுரத்தில் மாடு அவிழ்க்கிற நாள். கூட்டமும் தூசியும் குலவையும் நினைப்பில் வந்தன. இங்கே ஆட்டுப்பாலில் பொங்கல் வைத்தாள் தங்கம்மா. வெள்ளைச்சாமி எனக்கு முதல் அகப்பை போடச் சொன்னான். அவளிடம் சொன்னான், என்னிடம் இல்லை.

தினமும் காலையில் போத்து ஒவ்வொன்றின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை. ஆனால் நகரசபையார் பட்டைக்கு உள்ளே பார்க்கிறவர்கள் இல்லை. முளை வெளியே தெரியவேண்டும். அவர்கள் வருவதற்கு ஐந்து நாள் இருந்தது, முளை இல்லை. மூன்று நாள் இருந்தது, இல்லை. அன்றைக்கு மத்தியானம், பருவம் தப்பிய ஒரு மழை, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் வெள்ளைச்சாமி ஓடிவந்தான். பேசாத ஆள் பேசினான்.

"மச்சான்! வலைக்குப் பின்னாடி வந்து பாருங்க!"

வலை தொங்கிய பக்கத்துக்கு மறைவில், ஆலம் போத்துகளில் கிளிமூக்குபோலச் சிவப்பு. பூவரசில் பச்சைப் பயறு அளவு பச்சை. ஒன்று, இரண்டு, பத்து என்று எண்ணிக்கொண்டே ஓடினோம். நாற்பத்தொன்று. கடைசிக் கட்டையில் அவன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். நான் வேறு பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தேன். உப்புக் காற்று கண்ணுக்கு ஆகாது.

நகரசபையார் வந்த அன்று, சுருங்கிய பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். ஊரே வந்திருந்தது. மீனவர்கள் வலைகளை எடுத்துவிட்டு, கட்டைக்கு ஒருவராக, தங்கள் வீட்டு மரத்தைப்போலப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆசியா உம்மா ஆடில்லாமல் குடையோடு வந்திருந்தார். ஓவர்சியர் கையில் ஒரு காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

தலைவர் வாசல் வட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடலோரம் நடந்தார். ஓர் ஆலம் போத்தின் அருகே நின்று, சிவந்த முளையை விரலால் தொட்டார்.

"உயிர் இருக்கே! கடல் ஏறின நிலத்தில் இதை வேர் பிடிக்க வைத்தது ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். கிணறு, பாலம், எந்திரம், நூறு ஆலமரம் எல்லாம் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றன. அப்போது என் கால்மேல் ஒரு கால் ஏறியது. வெள்ளைச்சாமியின் கால். அவன் ஓவர்சியரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓவர்சியர் காகிதத்தையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசினால் போத்து என்னுடையது. அடுத்த வாய் திறப்பில் ஆடும் என்னுடையது. அதற்கு அடுத்ததில் வேலை போவது இவனுக்கு.

வாயை மூடிக்கொண்டேன். பட்டென்று சத்தம் கேட்டது என்று பிறகு தங்கம்மா சொன்னாள்.

ஓவர்சியர் காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "எங்கட பகுதிதான் செய்தது, சேர். என்ர யோசனை. மேஸ்திரி நல்லாப் பாடுபட்டவர்," என்றார்.

கூட்டத்தில் மீனவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆசியா உம்மா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும் என்று அங்கேயே கை தூக்கினார்கள்.

கிளம்புகிற அன்று பஸ் வரைக்கும் வெள்ளைச்சாமி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மச்சான், உங்களப் பேசாம நிப்பாட்டுறதுக்கு நான் எம்புட்டு அழுத்தி மிதிச்சேன் தெரியுமா?"

"தெரியும்டா. பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு."

"அக்காகிட்டச் சொன்னா நம்புமா?"

"நகத்தக் காட்டுறேன்."

வீட்டுக்கு வந்ததும் நகத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "என் தம்பியப் புடுங்கிட்டு வாங்கன்னு அனுப்புனேன். இவரு நல்லா ஊண்டிட்டு வந்திருக்காரு."

இது நடந்து இரண்டு மழை கழிந்துவிட்டது. போன வாரம் வெள்ளைச்சாமியின் கடுதாசி வந்தது. நாற்பத்தொன்றில் முப்பத்தாறு மரம் நட்ட உயரத்தையும் தாண்டிக் கிளை விட்டிருக்கிறதாம். அவன் வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டார்களாம். ஓவர்சியர் உயர்வு கிடைத்து வேறு பட்டணத்துக்குப் போய்விட்டாராம். வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்களாம். மூன்று பாஷையில், தலைவர் பெயர், ஓவர்சியர் பெயர். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறதாம்.

ஆகையால் இனிமேல் யாரும் என் காலை மிதிக்கவேண்டிய அவசியம் இல்லை. அந்த நகரசபையாருக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்: கடலோரத்துப் போத்து அறுபத்து மூன்றையும் நட்டவன் நான். கரை நெடுகிலும் நான்தான். நாற்பத்தொன்று முளைத்தது என்னால். மீதி முளைக்காதது உங்கள் கடலால். காலியாக இருக்கிற அந்த இடத்தில் என் பெயரைப் போடவேண்டும். 'திருமங்கலத்தார் ஒருவர்' என்று போட்டு ஏமாற்றக்கூடாது. முழுப் பெயர், தகப்பனார் பெயரோடு. எழுத்து ஓவர்சியர் எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது.

ஆசியா உம்மாவும் தன் ஆடுகளுக்கு ஒரு வரி கேட்கிறாராம். உரம் போட்டது அவைதான் என்பது வாஸ்தவம். கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வரி என் பெயருக்குக் கீழே இருக்கவேண்டும்.